கூட்டு அளவு

மனித குலத்தை மேலே தூக்கிவிட்டவை மூன்று: நெருப்பு, சக்கரம், வாடகை. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதன் மகிமையை எடுத்துச் சொல்லப் பிறந்தவர் தாம்தான் என்று அவர் நம்பினார். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கைபேசியை மூன்று தடித்த புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்து, கோட்டு மாட்டிக்கொண்டு எடுத்துச் சொல்லவும் செய்தார். அந்த ஒளிபரப்பைக் கேட்க எழுபத்தொரு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் மைத்துனர்கள். ஒருவர் அவரே, வேறு பெயரில். கோட்டுக்குக் கீழே அரைக்கால் சட்டைதான். கேமரா அவ்வளவு தூரம் இறங்காது.

தெருவில் அவருக்குப் பெயர் போர்ட்ஃபோலியோ. "என் போர்ட்ஃபோலியோவுல பாத்தீங்கன்னா" என்று ஆரம்பிக்காமல் அவரால் பால் பாக்கெட் வாங்க முடியாது. அந்தப் போர்ட்ஃபோலியோவில் மொத்தம் இரண்டு வீடுகள். ஒன்று அவரும் மனைவியும் குடியிருப்பது, அவர் அப்பா கட்டியது. இன்னொன்று நாலு தெரு தள்ளி இருக்கும் பழைய வீடு. தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பெனியில் வட்டார மேலாளர் வேலையை விட்டபோது கையில் வந்த பணத்தை மொத்தமாகப் போட்டு வாங்கியது. பெண் பேரில் பதிந்தால் கட்டணம் குறைவு என்பதால் மனைவி பேரில் பதிந்தார். மிச்சமான காசில் தம் பேரில் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறரைக்குப் போனால் இரண்டு மணிக்குத் திரும்புவாள், வியாழக்கிழமை விடுமுறை. எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும், ஊசியைப் பார்த்து வெளிறிப்போகும்போது, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று ஒரு குரலில் சொல்வாள். ஏற்ற இறக்கமில்லாத குரல். சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும்.

அதே குரலில் அவள் கணவனிடமும் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறாள். அவர் வேலையை விட்ட அன்று. அவளுடைய அப்பா, வீட்டுப் பத்திரத்தை எங்கேயோ வைத்து மீட்காமல் விட்டவர். பதினோரு வயதில், தன் கட்டில் தெருவில் கிடந்ததையும், அதன்மேல் பக்கத்து வீட்டு நாய் ஏறிப் படுத்ததையும் பார்த்தவள். "நீங்க என்ன வியாபாரம் வேணா பண்ணுங்க. நாம குடியிருக்கிற இந்த வீட்டுப் பத்திரத்துல மட்டும் கை வைக்கக் கூடாது. வெச்சீங்கன்னா நான் இருக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சோறு போட்டாள்.

அவர் கை வைத்துவிட்டார்.

பழைய வீட்டைப் புதுப்பித்தால்தானே வாடகைக்கு விட முடியும். கையில் ஒன்றும் மிச்சமில்லை. வங்கியில் பத்திரத்தைக் கொடுத்து ஒன்பது லட்சம் வாங்கினார். மனைவியிடம் அதைக் கம்பெனிப் பணத்தில் மிச்சம் என்று சொன்னார். பீரோவில் அதே உறைக்குள் பத்திரத்தின் வண்ண நகல் ஒன்றை வைத்தார். ஆறு மாதத்தில் வாடகை வந்துவிடும், மெல்ல மெல்ல அடைத்துவிடலாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்பது திட்டம். இதற்கு அவர் வைத்த பெயர் 'கடன்வழி வளர்ச்சி'. ஒளிபரப்பில் இதைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். பீரோவைப் பற்றி மட்டும் பேசவில்லை.

வேலையை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர் ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக, சேர்த்து வைப்பார். குரலே எழாது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொத்தமா ஒம்பது லட்சம் குடுங்க சார். பூச்சு, பெயின்ட்டு, ஒயரிங், குழாய் எல்லாம் சேத்து. முடிச்சுக் குடுத்துடறேன்" என்றுதான் முதலில் சொன்னார்.

போர்ட்ஃபோலியோ விரலை உயர்த்தினார். "மொத்தக் கூலிங்கிறது ஏமாளிங்களுக்கு. வேலைய அளந்து, சதுர அடிக்கு இவ்வளவுன்னு குடுக்கிறதுதான் என் கொள்கை."

"பழைய வீடு சார். சுவரு ஒவ்வொண்ணும் பதினாலு அடி. அளந்தா உங்களுக்குத்தான் கட்டுபடியாகாது."

"ஏன், அளக்கப் பயமா?"

"எனக்கென்ன பயம் சார்" என்றார் கான்ட்ராக்டர்.

இருபத்திரண்டு கண்டிஷன் கொண்ட ஒப்பந்தத்தை போர்ட்ஃபோலியோவே தயாரித்தார். ஏதோ ஒரு கட்டுமானத் துறையின் கையேட்டிலிருந்து வரிக்கு வரி எடுத்தது. அதில் பாதி அவருக்கே புரியவில்லை. கான்ட்ராக்டருக்கும் புரியாது என்ற தைரியத்தில் சேர்த்தார். கான்ட்ராக்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "மூணாவது கண்டிஷன்படி, பணம் இருக்குன்னு காட்ட நீங்க ஏதாவது அத்தாட்சி குடுக்கணுமே சார்" என்றார். என்னிடம் பணமில்லை என்றா நினைத்தாய் என்பதுபோல, போர்ட்ஃபோலியோ வங்கி கொடுத்த கடன் அனுமதிக் கடிதத்தின் நகலை மேஜையில் தட்டி வைத்தார். எந்த வீட்டை ஈடாக வைத்தது, கதவு எண் என்ன, எல்லாம் அதில் இருந்தது.

வேலை முடிந்தது. நன்றாகவே முடிந்தது. பிறகு பில் வந்தது: பதிமூன்று லட்சம். ஒன்பது கொடுத்தாயிற்று, பாக்கி நாலு.

போர்ட்ஃபோலியோ பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். நாலு லட்சத்துக்கு அவரிடம் நாலாயிரம் இல்லை. ஆனால் ஏழு ஞாயிறுகளாக 'ஒப்பந்தக்காரரைக் கையாளும் கலை' என்று தொடர் ஒளிபரப்பு நடத்தியவர் பயந்துவிட முடியுமா? கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கடிதம் எழுதினார். 'தாங்கள் சமர்ப்பித்துள்ள பட்டியலின் அளவுகள் கற்பனை வளம் மிக்கவை' என்று தொடங்கியது அது. 'கூட்டு அளவு கோருகிறேன்' என்று முடிந்தது. கூட்டு அளவு என்றால், இரண்டு தரப்பும் சேர்ந்து நின்று, ஆளுக்கொரு முனை டேப்பைப் பிடித்து, எல்லாச் சுவரையும் மறுபடி அளந்து, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அந்த மிரட்டலிலேயே ஆள் ஒரு லட்சமாவது குறைத்துவிடுவான் என்று கணக்குப் போட்டார்.

திங்கட்கிழமை கான்ட்ராக்டர் போன் செய்தார்.

"சார், உங்க லெட்டர் கெடச்சுது. நல்லா எழுதியிருக்கீங்க. அளந்துடலாம். சனிக்கிழமை காலைல பத்து மணி."

"வர்றேன்" என்றார் போர்ட்ஃபோலியோ, முடிந்த அளவு கம்பீரமாக.

"வாங்க சார். உரிமையாளருக்கும் பதிவுத் தபால் போட்டாச்சு."

"யாருக்கு?"

"உரிமையாளருக்கு. அம்மா பேர்லதானே வீடு இருக்கு. பதினாலாவது கண்டிஷன் சார், கூட்டு அளவுன்னா உரிமையாளருக்கு முன்கூட்டியே பதிவுத் தபால்ல தெரிவிக்கணும். நீங்க எழுதினதுதானே. இணைப்பெல்லாம் சேத்தே அனுப்பிட்டேன்."

"என்ன இணைப்பு?"

"அக்ரிமென்ட்டு, பில்லு, அப்புறம் நீங்க குடுத்த அந்த பாங்கு லெட்டர்."

"சரி, சரி" என்று மட்டும் வந்தது. போனை வைத்த பிறகும் வெகு நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணியிலிருந்து அவர் வாசல் கேட்டில் நின்றார். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் கேட்டைத் திறந்து மூடினார். தபால்காரம்மா வந்தாள், மின் கட்டணச் சீட்டைக் கொடுத்தாள், போய்விட்டாள். அன்று மதியம் சாப்பிடும்போது மனைவி, "தபால் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். அவருக்குப் புரையேறியது. அவள் தலையைத் தட்டிவிட்டு, "ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கார்டு வரணும், அதான் கேட்டேன். மெதுவா சாப்பிடுங்க" என்றாள். தட்டிய கை அன்பான கைதான். அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

புதன்கிழமை வந்துவிட்டது. பழுப்பு உறை, தடிமனாக.

"என்னண்ணே, நேத்தும் வாசல்ல, இன்னைக்கும் வாசல்ல. அண்ணிக்குத் தெரியாம ஏதாச்சும் வரணுமா?" என்றாள் தபால்காரம்மா.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. குடும்மா, வாங்கிக்கிறேன்."

"அண்ணி பேரு போட்டிருக்கே. பதிவுத் தபாலு, அவங்க கையெழுத்து வேணும். இல்லன்னா, எனக்குப் பதிலா இவர்கிட்ட குடுங்கன்னு ஒரு லெட்டர் எழுதித் தந்திருக்கணும்."

"தந்திருக்கா. இரு, எடுத்துட்டு வர்றேன்."

உள்ளே ஓடினார். ஒரு தாளைக் கிழித்து, எழுதி, அவள் கையெழுத்தை அவரே போட்டார். இருபது வருஷமாகப் பார்த்த கையெழுத்து. அவசரத்தில் கடைசிச் சுழிப்பு புழு மாதிரி நெளிந்தது. கொண்டுவந்து நீட்டினார். தபால்காரம்மா அதன்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தாள்.

"அண்ணி எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா."

"மை காயலையே அண்ணே."

அவர் கேட்டின் கம்பியைப் பார்த்தார். எட்டுக் கம்பி இருந்தது.

"நாளைக்கு வியாழக்கிழமை, அண்ணி வீட்டுல இருப்பாங்கல்ல. நேர்லயே குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளைத் தள்ளினாள். "இத நான் பாக்கல, சரியா?"

அன்று முழுவதும் அவர் காதில் ஒரே ஒரு வாக்கியம்தான்: நான் இருக்க மாட்டேன். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். சமையலறை மேடையில் அவள் காயவைக்கும் வெள்ளைக் கோட்டு இருக்காது. காலை ஐந்தரைக்கு அலாரத்தை ஒரே தட்டில் அணைக்கும் கை இருக்காது. எழுபத்தொரு பேரும் இருப்பார்கள்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, "கெளம்பு, உனக்குச் செருப்பு வாங்கலாம்" என்றார்.

"செருப்பா? எனக்கா?" கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்ததில்லை. "என்ன விஷயம்?"

"விஷயம் என்ன விஷயம். நாள் பூரா நிக்கிற வேலை உனக்கு. கால் வலிக்குமேன்னுதான்."

கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். அவள் முதல் ஜோடியையே எடுத்துவிட்டாள். அவர் விடவில்லை, பதினேழு ஜோடியை இறக்கச் சொன்னார். "குதிகால் சரியா நிக்குதா பாரு. நடந்து பாரு. இன்னொரு தடவை நட." கடைக்காரர் அவரை மனைவிமேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர் என்று நினைத்துக்கொண்டு தம் மனைவியை நினைத்துச் சங்கடப்பட்டார். ஒன்றேகால் ஆனதும், அவள் முதலில் எடுத்த ஜோடியையே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நடக்கும்போது அது கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டது.

கதவைத் திறந்ததும் தரையில் ஒரு சீட்டு கிடந்தது: 'வந்தோம். ஆள் இல்லை. ஏழு நாளுக்குள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்.' அவர் அதன்மேல் காலை வைத்தார்.

"என்ன, அங்கயே நின்னுட்டீங்க? உள்ள வரலையா?"

"வர்றேன், நீ போ. காத்து நல்லா வருது."

காற்றே இல்லை. அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் குனிந்து சீட்டை எடுத்துக் காலுறைக்குள் செருகினார். ஏழு நாள். சனிக்கிழமைக்குள் அளந்து, பேசி, குறைத்து, முடித்துவிட்டால் அந்தத் தபாலுக்கு வேலையில்லை. கான்ட்ராக்டரையே திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். வெள்ளி ராத்திரி அவர் கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பழைய வீட்டின் கூடத்தில் மூன்று பேர் நின்றார்கள். கான்ட்ராக்டர், அளவுப் புத்தகத்துடன். கொத்தனார், டேப்புடன். போர்ட்ஃபோலியோ, கோட்டுடன். புது பெயின்ட் வாசனை. ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் கட்டம் போட்டிருந்தது. சுவர்களில் பழைய காலத்து மாடங்கள், அலமாரிக் குழிகள், வளைவுகள், எல்லாம் வெள்ளையாக, சுத்தமாக.

"ஒரு முனைய நீங்க பிடிக்கணும் சார். கூட்டு அளவு" என்றார் கான்ட்ராக்டர்.

போர்ட்ஃபோலியோ மூலையில் குந்திப் பிடித்தார். கொத்தனார் மறுமுனையை இழுத்துக்கொண்டு போனார்.

"பத்தொம்பது அடி நாலு அங்குலம்."

"பில்லுல என்ன இருக்கு?" என்று போர்ட்ஃபோலியோ வெற்றியை எதிர்பார்த்துக் கேட்டார்.

"பத்தொம்பதுதான் போட்டிருக்கு சார். நாலு அங்குலத்த விட்டுட்டேன்." கான்ட்ராக்டர் புதிய அளவை எழுதினார். "ஜன்னல் எல்லாத்தையும் கழிச்சும் போட்டிருக்கேன். ஆனா உங்க பதினேழாவது கண்டிஷன்படி சின்ன ஜன்னலு, மாடம், அலமாரிக் குழி எதையும் கழிக்கக் கூடாது. குழிக்குள்ள பூசினத தனியா வேற சேத்துக்கணும். கூட்டு அளவுன்னா அப்படித்தானே எழுதணும் சார்? ரெண்டு பேரும் கையெழுத்துப் போடற புத்தகம், என் இஷ்டத்துக்கு மாத்தி எழுத முடியாது."

பதினேழாவது கண்டிஷனில் என்ன இருக்கிறது என்று போர்ட்ஃபோலியோவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அடுத்த சுவரும் வளர்ந்தது. அதற்கடுத்ததும். பில்லில் பன்னிரண்டாக இருந்தது டேப்பில் பன்னிரண்டே முக்காலாக வந்தது. படுக்கையறை மாடங்கள் மட்டுமே நாற்பது சதுர அடி கூடின. அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டே முனையைப் பிடித்திருந்தார். டேப் நடுவில் தொங்கியது.

"சார், இழுத்துப் பிடிங்க" என்றார் கொத்தனார். "தொங்குச்சுன்னா அளவு கூடும். உங்களுக்குத்தான் நஷ்டம்."

"வேணும்னா நிறுத்திக்கலாம் சார்" என்று கான்ட்ராக்டர் மெல்லிய குரலில் சொன்னார். "நான் போட்ட பில்லே இருக்கட்டும்."

நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோட்டு விடவில்லை. "கொள்கைன்னா கொள்கை. அளங்க" என்றார். பிறகு, பேச்சோடு பேச்சாகப் போடுவதுபோல், "அந்தப் பதிவுத் தபாலு... ஆள் இல்லன்னு திரும்பி வந்துடும்னு நெனக்கிறேன். வந்தா நீங்களே வெச்சுக்குங்க. வீட்டுல வேலைக்குப் போறவ, இதெல்லாம் அவளுக்கு எதுக்கு" என்றார்.

"ஆமா சார், தபாலாபீஸ்ல கேட்டேன், அம்மா வாங்கலன்னாங்க. அதனால நேத்து அவங்க வேலை செய்யிற எடத்துக்கே போயிட்டேன். எனக்கும் சுகர் பாக்க வேண்டியிருந்துது. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுது." கான்ட்ராக்டர் பேனாவைத் திறந்தார். "வலிக்கவே இல்ல சார், அம்மா கை. பதினோரு மணிக்கு வந்து கையெழுத்துப் போடறேன்னாங்க."

மணி பத்து நாற்பது.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"விஷயத்தச் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"சொல்ல வேண்டியத சொன்னேன் சார். அடுத்து சமையலறை."

அதற்குப் பிறகு நடந்ததைக் கூட்டு அளவு என்று சொல்ல முடியாது. போர்ட்ஃபோலியோ அறைக்கு அறை ஓடினார். பதினோரு மணிக்குள் முடித்து, இந்த இருவரையும் வெளியே தள்ளி, வீட்டைப் பூட்டிவிட வேண்டும். கொத்தனார் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள், "சரி, சரி, எழுதுங்க" என்றார். கான்ட்ராக்டரே ஓரிடத்தில், "இது கொஞ்சம் கூடுதலா தெரியுதே, இன்னொரு தடவை பாப்போமா" என்றபோதும், "வேணாம், எழுதுங்க" என்றார். குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, டேப்பின் முனை உள்ளங்கையைக் கிழித்ததும் தெரியாமல், வாசல் பக்கமே காதை வைத்திருந்தார். கோட்டின் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது.

"மொத்தம் பதினாலு லட்சத்து அறுபதாயிரம் சார்" என்று கான்ட்ராக்டர் கூட்டிச் சொன்னபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. பாக்கி நாலு லட்சம், ஐந்து லட்சத்து அறுபதாயிரமாக ஆகியிருந்தது. அதைக் கேட்டு அதிர்ச்சி அடைய அவருக்கு நேரமில்லை. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கீச்சுக் கீச்சென்ற சத்தம் படியேறியது.

மனைவி வெள்ளைக் கோட்டுடனே வந்திருந்தாள். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "சுவரெல்லாம் நல்லா வந்திருக்கே" என்றாள் கொத்தனாரிடம். பிறகு கணவனைப் பார்த்தாள். "என்னங்க இது, முகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. கையில ரத்தம் வேற."

"அவரு... உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு, இல்ல?"

"சொன்னாரு."

"நீ ஒண்ணும் கேக்கலையே."

"இதுல கேக்க என்ன இருக்கு? எல்லா எடத்துலயும் நடக்கிறதுதானே."

அவருக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு கோட்டின் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"நீ இப்படி எடுத்துக்குவேன்னு நான் நெனக்கவே இல்ல. பத்திரத்த பாங்குல வெச்சதுலேருந்து நான் ஒரு நாள் ஒழுங்காத் தூங்கினதில்ல. உங்கப்பா மாதிரி இல்ல, நான் மீட்டுடுவேன். சத்தியமா மீட்டுடுவேன்."

கொத்தனார் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார். பாதி சுருண்ட டேப் தானாகச் சர்ரென்று உள்ளே போய் டக்கென்று நின்றது.

"எந்தப் பத்திரத்த?" என்றாள் அவள்.

அவர் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் தலையை லேசாக ஆட்டினார், மன்னிப்புக் கேட்பதுபோல. "நான் அம்மாகிட்ட அளவு பாக்கிறோம்னு மட்டும்தான் சார் சொன்னேன்" என்றார். பிறகு, கொத்தனாரிடம், "மோட்டார் ரூம ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவோம்" என்றார்.

"நீங்க இருங்க" என்றாள் அவள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஊசிக் குரல். போர்ட்ஃபோலியோவின் முழங்கை தானாகவே மடங்கிக்கொண்டது.

"நாம இருக்கிற வீட்டுப் பத்திரமா?"

"ம்."

"எப்போ?"

"எட்டு மாசம் ஆகுது."

"எவ்வளவு?"

"ஒம்பது."

"பீரோவுல இருக்கிறது?"

"கலர் காப்பி."

கொத்தனார் இருமினார். அவள் ஓரத்தில் கிடந்த பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். வெகு நேரம் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக அது வாங்கப்பட்டது என்பது அப்போது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். இரண்டையும் கழற்றி ஓரமாக, சேர்த்து வைத்தாள். கான்ட்ராக்டரின் செருப்புக்குப் பக்கத்தில்.

போர்ட்ஃபோலியோ காத்திருந்தார். கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தினால் பதில் சொல்லலாம். அதற்கு அவரிடம் சொற்கள் இருந்தன. எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தார். அதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. அவள் வாசல் பக்கம் தலையைத் திருப்பியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மொத்தமா எவ்வளவுக்கு முடிச்சுத் தர்றதாச் சொன்னீங்க, மொதல்ல?" அவள் கான்ட்ராக்டரிடம்தான் கேட்டாள்.

"ஒம்பது லட்சம்மா."

"பில்லு?"

"பதிமூணு. இப்ப அளந்ததுல பதினாலு சொச்சம் வருது. அளக்க வேணாம்னுதான் சொன்னேன்."

"பதிமூணுல நிப்பீங்களா?"

"நான் அதுலதாம்மா நின்னேன். கூட வந்தத விட்டுடறேன்."

"என் சேமிப்புல ஒண்ணரை இருக்கு. திங்கக்கிழமை தர்றேன். மிச்சத்த இந்த வீட்டு வாடகையில மாசா மாசம் பாதி உங்களுக்கு. பாதி பாங்குக்கு. வாடகை என் கணக்குக்கு வரும், நானே பிரிச்சு அனுப்புவேன். எழுதி வேணும்னா எழுதித் தர்றேன்."

கான்ட்ராக்டர் யோசித்தார். "எழுத வேணாம்மா. நீங்க சொன்னா போதும்" என்றார். இருபத்திரண்டு கண்டிஷன் எழுதியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நானும்..." என்று ஆரம்பித்தார் போர்ட்ஃபோலியோ.

"திங்கக்கிழமை பாங்குக்கு ரெண்டு பேரும் போறோம்" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமல். "பத்திரம் திரும்பி வர்ற அன்னைக்கு அது என் கைக்கு வரணும். நான் இருக்கிறதா வேணாமான்னு அன்னைக்குச் சொல்றேன்."

"அதுக்கு ஏழெட்டு வருஷம் ஆகுமே."

"ஆகட்டும். அதுவரைக்கும் பயந்துகிட்டே இருங்க."

கான்ட்ராக்டர் அளவுப் புத்தகத்தைத் திறந்து, பதினாலு லட்சத்து அறுபதாயிரத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்து, பதிமூன்று என்று எழுதி நீட்டினார். அவள் உரிமையாளர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். கடைசிச் சுழிப்பு நேராக, சுத்தமாக இருந்தது. கான்ட்ராக்டர் ஒப்பந்தக்காரர் என்ற கட்டத்தில் போட்டார். அளவைப் படித்தவர் என்ற கட்டத்தில் கொத்தனார் போட்டார்.

"சாரும் போடணுமே. கூட இருந்தவங்க எல்லாரும் போடணும்" என்றார் கான்ட்ராக்டர், தயக்கத்துடன். முதலீட்டாளர் என்று புத்தகத்தில் கட்டம் இல்லை. நாலாவதாக ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம் இருந்தது. வழக்கமாக அதில் சித்தாள் யாராவது கைநாட்டு வைப்பார்கள்.

போர்ட்ஃபோலியோ பேனாவை வாங்கி, 'டேப் பிடித்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.